குப்பை வண்டி வாளியை விட்டுவிட்டுப் போகிறதா? உக்கும் குப்பையின் கோளாறுகளும் கைவைத்தியமும்

ஜூன் மாதத்து மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை. பச்சை வாளியைப் பாதை முனையில் வைத்துவிட்டு வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். டிரக்டர் சத்தம் வந்தது, நின்றது, போனது. எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டு வாளி காலி, என்னுடையது வைத்தபடியே இருக்கிறது. அடுத்த முறை குடையோடு நின்று காரணம் கேட்டேன்.

"டீச்சர், மூடியத் தொறந்தா கொளம் மாதிரி தண்ணி நிக்குது. தூக்கிக் கொட்டுனா என் தலையிலதான் ஊத்தும்" என்றார் வண்டியில் வரும் தம்பி.

டிரக்டர் பெட்டியின் விளிம்பு அவர் தோளுக்கு மேலே இருக்கிறது. சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பொலித்தீன் போடவில்லை, கண்ணாடி போடவில்லை, எல்லாவற்றையும் சரியாகத்தான் பிரித்திருக்கிறேன் என்ற நினைப்பில் இருந்தேன். ஈரத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதன் பிறகு எங்கள் பாதையில் யார் வீட்டு வாளியில் என்ன கோளாறு என்றாலும் போய் எட்டிப் பார்ப்பது எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. பார்த்த வரையில் மலைநாட்டு வாளிகளுக்கு வரும் வியாதிகளில் முக்கால்வாசிக்குக் காரணம் தண்ணீர்தான்.

கொழும்பு வெயிலில் ஒரு வாழைப்பழத் தோல் மத்தியானத்துக்குள் சுருண்டுவிடும். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம், வருட சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் அடிக்கிறது. அது ஓய்ந்தால் பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்துக்கு வடகீழ் மழை. இங்கே குப்பை காய்வதில்லை, ஊறுகிறது. இந்தக் குறிப்புகளை அதை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நிறங்களை மட்டும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பச்சை உக்கும் கழிவுக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கும் பொலித்தீனுக்கும், சிவப்பு கண்ணாடிக்கு, கபிலம் உலோகத்துக்கு. எந்த நாளில் எது எடுபடும் என்பது சபைக்குச் சபை மாறும். இங்கே பேசப்போவது பச்சை வாளியையும் தோட்டக் கழிவுச் சாக்கையும் பற்றி மட்டும்.

வாளியை எடுக்காமல் போகிறார்கள்

முதலில் நாளைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், எங்கள் பாதையில் பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை. போயா தினமோ வேறு விடுமுறையோ வந்த வாரத்தில் நாள் தள்ளிப்போகும், வாளி மட்டும் பழைய நாளிலேயே போய் நிற்கும்.

நாள் சரி என்றால் ஒரு கையால் வாளியைத் தூக்கிப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால், காலையிலிருந்து நூறு வாளி தூக்கியவரால் எப்படி முடியும்? அடுத்து மூடியைத் திறந்து வாளியைச் சற்றே சாயுங்கள். உள்ளே தண்ணீர் ஆடினால் நான் மேலே சொன்ன என் கதைதான், நேரே நாற்றப் பகுதிக்குப் போங்கள்.

தண்ணீரும் இல்லையென்றால் உள்ளே ஆகாத சாமான் ஏதோ கிடக்கிறது. பழைய பேப்பரை விரித்து ஒருமுறை முழுவதையும் கொட்டிப் பாருங்கள். அருவருப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் ஆறு மாதத்துக்குப் போதும். நான் கொட்டியபோது கிடைத்தவை: கீரைக்கட்டு ரப்பர் வளையம் நான்கு, அப்பிள் பழத்தில் ஒட்டியிருந்த குட்டி ஸ்டிக்கர்கள், பால்மா பக்கட்டின் வெட்டிய மூலை, ஷாம்பூ பக்கட்டின் கிழிந்த துண்டு, ஒரு யோகட் கரண்டி. யாரும் வேண்டுமென்று போட்டதில்லை. வெட்டுப்பலகையைச் சரித்துக் கொட்டும்போது கூடவே விழுந்தவை. பக்கட்டின் மூலையை முழுதாக வெட்டி எடுக்காமல், ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்க விடுங்கள். அந்தத் துண்டுதான் வாளிகளில் நான் அதிகம் பார்த்த பிளாஸ்டிக்.

தேயிலைப் பை பாவிப்பவர்கள் நூலையும் கம்பிப் பின்னையும் கழற்ற வேண்டும். பைகளில் சிலவற்றில் பிளாஸ்டிக் நாரும் கலந்திருக்கும், அதனால் கிழித்துத் தூளை மட்டும் போடுவது நல்லது. தேயிலை விளையும் மலையில் இருந்துகொண்டு ஏன் பையில் வாங்குகிறீர்கள் என்று கேட்க ஆசைதான், கேட்கவில்லை.

இன்னொன்று, சொப்பிங் பேக். குப்பையைப் பிரித்து, சுத்தமாகப் பையில் போட்டு, முடிச்சும் போட்டு வாளிக்குள் வைக்கிறார்கள். வாளி அழுக்காகாது என்ற நல்லெண்ணம்தான். வண்டியில் வருபவர் ஒவ்வொரு முடிச்சையும் கையால் கிழிக்க வேண்டியிருக்கிறது. கிழிக்காமல் போனால் பசளைக் குவியலுக்குள் காற்றுப் புகாத ஒரு மூட்டையாகக் கிடந்து அழுகும். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டன்று, கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கலந்த குப்பையை எடுக்க மாட்டோம் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் இறுகியது. எடுக்க மறுப்பவர் மீது கோபப்படுவதற்கு முன் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறந்தால் நாற்றம்

என்ன நாற்றம் என்பதைப் பொறுத்துத்தான் மருந்து.

அழுகிய முட்டை வாடை என்றால் உள்ளே காற்று இல்லை. தண்ணீர் இடைவெளிகளை அடைத்துவிட்டது, காற்று வேண்டாத கிருமிகள் வேலையைத் தொடங்கிவிட்டன. புளித்த வாடை என்றால் சோறு, பருப்பு, தேங்காய்ப்பூச் சக்கை. மூக்கில் குத்தும் மூத்திர வாடை என்றால் பச்சைப் புல்லோ கோழி எருவோ அளவுக்கு மீறி விழுந்து, அதற்கு ஈடாகக் காய்ந்த பொருள் இல்லாமல் நைதரசன் அமோனியாவாகப் பறக்கிறது.

முதல் இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான், அதுவும் வாளியில் இல்லை, பேசினில் இருக்கிறது. கறிச்சட்டியைக் கழுவும் முன் மிச்சத்தை வடிகூடையில் கொட்டுங்கள். குழம்பு கீழே போகட்டும், காய் மேலே நிற்கட்டும். இரவு முழுவதும் கூடை அங்கேயே இருக்கட்டும். காலையில் வாளிக்குப் போவதன் எடை பாதியாகக் குறைந்திருக்கும்.

தேங்காய்ப்பூவைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நாள் தவறாமல் பால் பிழிகிறோம், நாள் தவறாமல் ஒரு பிடி சக்கை மிஞ்சுகிறது. அதில் எண்ணெய் இருப்பதால் இரண்டாம் நாளே புளிக்கும். கோழி வளர்க்கும் வீடு பக்கத்தில் இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள், வாளியைவிட நல்ல இடம் அது. இல்லாவிட்டால் இறுக்கிப் பிழிந்து, வாளியின் மேல்தட்டில் விடாமல் நடுவில் போட்டு, காய்ந்த பொருளால் மூடுங்கள்.

காய்ந்த பொருளுக்கு எங்கே போவது? மழை மாதத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பசளைக் குவியல் நன்றாக வேலை செய்ய நைதரசன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு வரை வேண்டும் என்பது கணக்கு. சமையலறைக் கழிவில் கார்பன் அவ்வளவு இல்லை, காய்ந்த இலையிலும் மரத்தூளிலும் ஏராளம் இருக்கிறது. வீட்டில் யாரும் தராசு வைத்து நிறுக்கப் போவதில்லை. ஒரு கோப்பை காய்த்தோலுக்கு ஒரு பிடி காய்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

எங்களுக்கு வாய்த்த பெரிய வரம் சவுக்கு மரம், கிரெவிலியா என்பார்களே அதுதான். தேயிலைக்கு நிழலுக்காக நட்ட அந்த மரங்களின் இலை காய்ந்தால் கடதாசி மாதிரி சரசரக்கும். பெப்ரவரி, மார்ச்சில் வெயில் இருக்கும்போதே இரண்டு சாக்கு கூட்டி அள்ளி, வீட்டு இறவாரத்துக்குக் கீழே, மழைச் சாரல் படாத சுவரோரம் சாய்த்து வையுங்கள். ஜூலையில் அது தங்கம். அப்படிச் சேர்க்காதவர்களுக்கு முட்டை மட்டை, கிழித்த கார்ட்போர்ட் பெட்டி, பேப்பர் இருக்கின்றன. மர ஆலையில் மரத்தூள் வாங்கினால் பச்சை மரம் அறுத்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள். பிளைவுட், மருந்தடித்த பலகை இவற்றின் தூள் வேண்டாம்.

தேயிலைச் சக்கையில் என் அம்மாவிடமிருந்து வந்த ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. வடிகட்டியில் மிஞ்சும் சக்கையை அப்படியே கொட்டாமல், பழைய தட்டம் ஒன்றில் பரப்பி அடுப்புப் பக்கத்தில் ஒரு இரவு விட்டுவிடுவார். ஈரமாகக் கொட்டினால் வாளியின் பாதித் தண்ணீர் அதிலிருந்துதான் வரும். காய்ந்தபின் கொட்டினால் அதுவே ஈரத்தை உறிஞ்சும். நாளைக்கு நான்கு தரம் தேத்தண்ணி ஊற்றும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

சரியான ஈரம் எது என்று பார்க்க, மேலே கிடப்பதில் ஒரு பிடியைக் கையுறையோடு பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் சரி. ஒழுகினால் காய்ந்தது போதாது. ஒன்றுமே விழாவிட்டால், அதிர்ஷ்டசாலி, நீங்கள் வெயில் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

மூத்திர வாடைக்கு மட்டும் பிழிந்து பயனில்லை. புல்லைக் குறைக்க வேண்டும், அல்லது அதே அளவு காய்ந்த இலை சேர்க்க வேண்டும். அடுப்புச் சாம்பலைத் தூவினால் வாடை போகும் என்று சிலர் சொல்கிறார்கள். சாம்பல் காரம், அமோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். தூவியவுடன் குறைந்த மாதிரி இருக்கும், பின்னேரம் திரும்ப வரும்.

வெள்ளையாகப் பூத்திருக்கிறது

பூஞ்சணம். தன் வேலையைச் செய்கிறது. விட்டுவிடுங்கள்.

புழு நெளிகிறது

புழு எங்கிருந்தும் தானாக வருவதில்லை, ஈ முட்டையிட்டதுதான். சூடான ஊர்களில் முட்டை ஒரு நாளுக்குள்ளேயே பொரித்து, ஏழு முதல் பத்து நாளில் அடுத்த தலைமுறை ஈ பறக்கும். நம் குளிரில் இது இன்னும் இழுக்கும். அதனால்தான் வாரம் தவறாமல் வண்டி வரும் காலத்தில் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்து வாளிகளில் புழு அபூர்வம். கண்டி, கம்பளை, மாத்தளை போன்ற சூடான இடங்களில் ஒரு வாரம் வண்டி தவறினாலே போதும்.

எதில் புழு வந்தது என்று பாருங்கள். கரட் தோலிலோ லீக்ஸ் தழையிலோ இருக்காது, மீன் தலை, கோழித் தோல், கருவாட்டு முள் இவற்றில்தான் இருக்கும். இவற்றை உங்கள் சபை உக்கும் குப்பையில் ஏற்கிறதா என்று முதலில் கேளுங்கள், எல்லா இடத்திலும் ஒரே விதி இல்லை. ஏற்கிறார்கள் என்றால் பேப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றி, வண்டி வரும் நாள்வரை பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் ஒரு மூலையில் வையுங்கள். வீட்டில் எதிர்ப்பு வரும். என் வீட்டிலும் வந்தது, ஒரு பழைய மார்ஜரின் டப்பாவில் போட்டு மூடி வைத்ததும் அடங்கியது. பிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் மீன் வாங்கும் நாளை வண்டி வரும் நாளுக்கு முதல் நாளாக மாற்றிப் பாருங்கள்.

பூச்சி மருந்து மட்டும் அடிக்காதீர்கள். அந்த வாளிக்குள் நாளைக்கு ஒரு ஆள் கை வைக்கப் போகிறார், பிறகு அது பசளையாகி யாரோ ஒருவரின் கீரைப் பாத்திக்குப் போகிறது. புழு வந்த வாளியை வண்டி வெறுமையாக்கிய அன்றே தேய்த்துக் கழுவி, கவிழ்த்து, முழுக்கக் காயவிட்டுப் பாவியுங்கள். கழுவிய தண்ணீர் கானுக்குள் போகாமல் வாழையடியில் போகட்டும்.

இரவில் யாரோ கவிழ்த்துவிடுகிறார்கள்

யாரோ என்றால் நாய். நாய் இல்லாவிட்டால் காட்டுப்பன்றி, காலை என்றால் குரங்கு. மூடியில் கல் வைத்தால் நாய்க்குப் போதும். குரங்குக்கு அது விளையாட்டுச் சாமான். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, வாளிக் கைப்பிடியிலிருந்து மூடிக்கு மேலாக இழுத்து மாட்டுங்கள், குரங்கு கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். பன்றிக்கு இது எதுவும் ஆகாது, வாளியே தரையில் இருக்கக்கூடாது. கொய்யா மரக் கிளையில் ஒரு கொக்கி போட்டுத் தொங்கவிடுவதுதான் வழி.

உண்மையான தீர்வு நேரம். முதல் நாள் இரவே வெளியில் வைத்துவிட்டுப் படுப்பது வசதிதான். ஆனால் இரவில் குப்பை தேடி நாய் கூடும். நாய் கூடும் இடத்துக்குத் தேயிலை மலைகளில் சிறுத்தை வரும், நாய் அதற்கு நல்ல இரை. பிள்ளைகள் விடியற்காலையில் பாடசாலைக்கு நடக்கும் பாதையில் அதை அழைத்து வைக்காமல், காலையில் எழுந்து வாளியைக் கொண்டுபோய் வையுங்கள்.

தோட்டக் கழிவுச் சாக்கைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள்

சாக்கை அவிழ்த்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் மண். களை பிடுங்கும்போது வேரோடு வரும் மண்ணை உதறாமல் அடைத்துவிடுகிறோம். மழை நாளில் அரைச் சாக்குக் களையே ஒரு மூட்டை அரிசி கனக்கும். பிடுங்கிய களையை வேலி ஓரத்தில் ஒரு நாள் தலைகீழாக விட்டு, மறுநாள் தட்டிவிட்டு அடையுங்கள். மண் உங்கள் தோட்டத்திலேயே தங்கும். சரிவில் வீடு கட்டியிருக்கும் நமக்கு ஒவ்வொரு கூடை மண்ணும் வேண்டும்.

அடுத்த காரணம் கிளை. கட்டைவிரல் பருமனுக்கு மேலே போனால் அது விறகு, குப்பையில்லை. அதற்குக் கீழே உள்ளவற்றைக் கவ்வாத்துக் கத்தியால் முழங்கை நீளத்துக்கு வெட்டிக் கட்டுங்கள். ரோஜா, காகிதப்பூ போன்ற முள் செடிகளைச் சாக்கில் அடைக்கவே வேண்டாம். சாக்கைத் தோளில் போடுபவரின் முதுகைக் குத்தும். அவற்றைத் தனிக் கட்டாக, முள் தெரிகிற மாதிரி வைத்து, கையில் கொடுத்துச் சொல்லுங்கள். சைப்ரஸ், டர்பன்டைன் மரங்களின் இலைகள் உக்குவதற்கு வெகு நாள் பிடிக்கும், எண்ணெய்ப் பசை அதிகம். முடிந்தால் வேறு சாக்கு. வெண்ணெய்ப்பழ விதையும் அப்படித்தான், மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டாகப் பிளந்து போட்டால் கொஞ்சம் சீக்கிரம் கரையும்.

மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். கோவாவைப் பிடுங்கும்போது வேர் முண்டு முண்டாக வீங்கியிருந்தால் அதை வண்டியில் ஏற்றாதீர்கள். அந்த நோயின் வித்துகள் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். பசளைக் குவியல் 55 பாகைக்கு மேல் சூடேறி, அந்தச் சூடு நாட்கணக்கில் நின்றால்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். ஈரமான குளிர் நாளில் குவியலின் ஓரங்கள் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. அந்தப் பசளை நாளைக்கு வெலிமடையிலோ கந்தப்பளையிலோ ஒருவருடைய புதுப் பாத்திக்குப் போனால், நீங்கள் அனுப்பிய நோய் அங்கே குடியேறிவிடும். பிடுங்கிய இடத்திலேயே ஆழமாகப் புதையுங்கள். கோவா, நோக்கோல், முள்ளங்கி இவற்றைக் கொஞ்ச வருடத்துக்கு அந்தப் பாத்தியில் போட வேண்டாம். வெளிறல் நோய் அடித்துக் கருகிய உருளைக்கிழங்குச் செடியையும் இப்படியே ஆழப் புதைத்துவிடுவதுதான் நல்லது.

சிரட்டையும் இளநீர்க் கோம்பையும் பற்றியும் கேட்கிறார்கள். நிறையச் சபைகள் பச்சை வாளியில் எடுப்பதில்லை, அவை உக்க அவ்வளவு காலம் ஆகிறது. சிரட்டை அடுப்புக்கு. கோம்பையை நான்காகப் பிளந்து கவிழ்த்துப் போடுங்கள், மழைத் தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும். நுளம்பு பெருக விடுவதைத் தடுக்கும் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. பி.எச்.ஐ. ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து தண்ணீர் நிற்கும் சிரட்டையைக் கையில் எடுத்துக் காட்டும்போது "குப்பை வண்டி எடுக்கலங்க" என்று சொல்லித் தப்ப முடியாது.

சாக்கிலிருந்து புகை வருகிறது

பயப்பட வேண்டாம், ஆனால் தொட்டுப் பாருங்கள். புல் வெட்டி அடைத்த சாக்கு விடியற்காலைக் குளிரில் ஆவி விடும். உள்ளே நுண்ணுயிர்கள் புல்லைத் தின்று சூடேற்றுகின்றன, வெளியே குளிர், அதனால் கண்ணுக்குத் தெரிகிறது. ஜனவரியில் பனி உறையும் காலையில் கை காய வைக்கலாம் போலிருக்கும். அதற்கு வேறு வைத்தியம் தேவையில்லை, சாக்கின் வாயை அவிழ்த்து, காய்ந்த இலை கலந்து காற்று விட்டால் போதும்.

பிளாஸ்டிக் வாளியிலிருந்து எரிந்த வாடையோடு புகை வந்தால் அது வேறு கதை. விறகடுப்புச் சாம்பலைச் சூடு ஆறாமல் கொட்டியிருக்கிறீர்கள். சாம்பலுக்குள் கங்கு நாட்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். தகர டின்னில் நாலைந்து நாள் ஆறவிட்டு, செடியடியில் தூவுங்கள். வாளிக்குச் சாம்பலே தேவையில்லை.

"உக்கும் பை" என்று எழுதியிருக்கிறதே, ஏன் எடுக்கவில்லை?

2017 செப்டெம்பர் முதலாம் திகதி மெல்லிய பொலித்தீனுக்குத் தடை வந்த பிறகு கடைகளில் இலைப் படம் போட்ட பச்சை நிறப் பைகள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் சில உண்மையாகவே உக்கும், ஆனால் அதற்கு நல்ல சூடுள்ள பெரிய பசளை ஆலை வேண்டும். சில பைகள் வெயில் பட்டுத் துண்டு துண்டாக உடையுமே தவிர உக்காது, பெரிய பிளாஸ்டிக் சின்ன பிளாஸ்டிக் ஆகும், அவ்வளவுதான். வண்டியில் நிற்பவருக்கு ஒரு பார்வையில் எது எது என்று தெரியாது. அவர் எல்லாவற்றையும் விட்டுப் போவதுதான் சரி. வாளிக்குள் விரிக்க ஏதாவது வேண்டும் என்றால் பேப்பர், இல்லாவிட்டால் வாழையிலை. லஞ்ச் ஷீட் எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம்.

கோவில் மாலைகளும் இதே ரகம். பூவைப் பார்த்து உக்கும் குப்பை என்று போடுகிறோம், உள்ளே நைலோன் நூல், நடுவில் ஜரிகை. அறுத்துப் பூவை மட்டும் உதிர்த்துப் போடுங்கள். கல்யாண வீட்டு வாழையிலைகளை எடுப்பார்கள். அதே சாக்கில் ஒரு ரெஜிபோம் பெட்டி கிடந்தால் எடுக்க மாட்டார்கள்.

எங்கள் லயத்துக்கு வண்டியே வருவதில்லை

இது வாளியின் கோளாறு இல்லை. தோட்டங்கள் தனி நிர்வாகத்தில் இருந்ததால் பிரதேச சபையின் வேலைகள் லயன்களுக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், போவதற்கு 1987ஆம் ஆண்டின் சட்டத்தில் தடை இருந்தது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது, தோட்ட மக்களுக்கும் சபை சேவை செய்ய வழி திறந்தது. காகிதத்தில் வழி திறந்தது என்று சொல்கிறேன், டிரக்டர் ஏறுவதற்குப் பாதை இருக்கிறதா என்பது வேறு. உங்கள் வட்டார உறுப்பினரிடம் தனியாளாகப் போகாமல், லயத்தில் பத்து வீட்டார் கையெழுத்து வைத்த கடிதத்தோடு போங்கள். டிரக்டர் வரக்கூடிய கடைசி இடம் எது, எந்த நாள் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். "குப்பை எடுங்கள்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது.

அதுவரைக்கும் குழி. மம்பட்டியால் முழங்கால் ஆழம், கறித்தோட்டத்து ஓரத்தில். பீலிக்கு மேலே வெட்டவே கூடாது, நாலு வீடு குடிக்கும் தண்ணீரில் ஊறும். கானுக்குப் பக்கத்திலும் வேண்டாம், மழைக்குக் குப்பை கானை அடைத்தால் தண்ணீர் சரிவுக்குள் இறங்கும், சரிவுக்குள் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்று நம் ஊர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. போட்ட ஒவ்வொரு தடவையும் மேலே ஒரு பிடி மண்ணும் சவுக்கு இலையும் போட்டு, பழைய தகரத்தால் மூடிக் கல் வையுங்கள். குழி நிறைந்ததும் மூடிவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று. மூடியதன் மேல் சௌசௌக் கொடி ஒன்று ஏற்றினால் இடமும் வீணாகாது.

சபையில் வாங்கிய பசளையில் கண்ணாடித் துண்டு

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது சேதனப் பசளைக்கு ஒரே ஓட்டம். அப்போது நானும் ஒரு மூட்டை வாங்கினேன். எங்கே வாங்கினேன் என்பது வேண்டாம். சலித்தபோது போத்தல் சில்லு, பற்றரி மூடி, பேனா முனை. நாட்டில் பசளைக்கு எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தரம் இருக்கிறது, மூட்டையில் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாத மூட்டையை வாங்கினால் கம்பி வலையில் சலித்து, கையுறை போட்டுப் பாவியுங்கள், கீரைக்குப் போடாமல் பூச்செடிக்கும் பழமரத்துக்கும் போடுங்கள். அந்தச் சில்லு எந்த வீட்டு வாளியிலிருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. உடைந்த கிளாஸைப் பேப்பரில் சுற்றி உக்கும் வாளிக்குள் ஒளித்து வைக்கும் வீடுகள் இருக்கின்றன, எங்கள் பாதையிலேயே ஒன்றைப் பார்த்தேன். வண்டித் தம்பியின் சுண்டுவிரலில் அப்போது கட்டு இருந்தது.

எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு வாரமாக வண்டி இல்லை

வாகனம் பழுதாகியிருக்கும், பாதை இடிந்திருக்கும், டீசல் இல்லாமலிருக்கும். முதல் வாரம் பொறுங்கள். வாளியிலுள்ளதைச் சாக்குக்கு மாற்றி, காய்ந்த இலையோடு அடுக்கி, மழை படாமல் வைத்தால் இன்னொரு வாரம் தாங்கும். இரண்டாம் வாரமும் வராவிட்டால் சபையின் சுகாதாரப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்து, பாதையின் பெயரையும் கடைசியாக வண்டி வந்த திகதியையும் சொல்லுங்கள். திகதியைக் கேட்டால் சொல்வதற்காகவே என் சமையலறைக் கலண்டரில் வண்டி வந்த நாட்களைச் சுற்றி வைத்திருக்கிறேன். போன மாதம் நான்கு வட்டத்துக்குப் பதில் மூன்றுதான் இருந்தது. அதைச் சொன்னதும் மறுமுனையில் இருந்த பிள்ளை, "சரிங்க டீச்சர், நாளைக்குக் காலையில வெளிய வைங்க" என்றது. வைத்தேன், எடுத்தார்கள்.